பலூன் துப்பாக்கியின் வயிற்றுக்குள்

ஒரு மனிதன் எவ்வளவு மடையன் என்று தெரிந்துகொள்ள அவன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தால் போதும். நிஜத் துப்பாக்கி வேண்டியதில்லை. திருவிழாவில் பலூன் சுடுகிற காற்றுத் துப்பாக்கியே போதும். அதுவரை வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன், கட்டை தோளில் பட்டதும் மார்பை விரிப்பான். பக்கத்தில் நிற்பவர்களைத் தள்ளிப் போகச் சொல்வான். ஒரு கண்ணை மூடுவான். சிலர் இரண்டையும் மூடுவார்கள். ஏழெட்டு மாதம் இந்தக் கூத்தை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றினேன். உள்ளங்கை கிழிந்து சீழ் வைத்ததும் கிளம்பிவிட்டேன். பெரம்பலூரில் ஒரு சைக்கிள் கடையில் இரண்டு வருஷம் பஞ்சர் ஒட்டினேன், பம்பு பழுது பார்த்தேன். நான் சாப்பிடுகிற அளவைப் பற்றிக் கடைக்காரர் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னார். கை கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரம் குரும்பலூரில் திருவிழா. வெறும் வயிற்றோடு சுற்றிக்கொண்டிருந்தவனைப் பலூன் கடைக்காரர் ஒருவர் பலகை தூக்கக் கூப்பிட்டார். சோறு போட்டார்கள், கடைக்கு அடியில் படுக்க இடம் கொடுத்தார்கள். அவர்களோடே ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன்.

அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அண்ணனிடம் இருந்தது ஒரே துப்பாக்கி. பட்டாளத்தில் ஏலம் எடுத்தது என்று எல்லா ஊரிலும் சொல்வார். திருச்சியில் பழைய இரும்புக் கடையில் வாங்கியது என்று அக்கா முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். குழல் நுனியில் குறி பார்ப்பதற்காக ஒரு சின்ன முள் இருக்கும். அண்ணன் அதை இடுக்கியால் ஒரு நெல் அளவுக்கு இடப்பக்கம் வளைத்து வைத்திருந்தார். நேராகக் குறி பார்த்தால் குண்டு வலப்பக்கம் போகும். குறி தெரியாதவன் எங்கேயோ சுட்டு எதையோ உடைப்பான். குறி தெரிந்தவன்தான் ஏமாறுவான். இதை அண்ணன் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பாக நினைத்திருந்தார்.

பலூன்களை அக்கா வாயால் ஊதினார். காலையில் ஆரம்பித்தால் கடை கட்டும் வரை ஊத வேண்டும். சாயங்காலம் தாடை பிடித்துக்கொள்ளும். மெல்ல முடியாது. சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுப்பார்.

துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அண்ணன் "பவர்" என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே இருந்தது சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு. பார்த்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் துப்பாக்கி நடுவில் ஒடியும். ஒடியும்போது அடியில் இருக்கிற ஒரு தண்டு, பின்னால் இருக்கிற உருளைக்குள் ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டனுக்குப் பின்னால் கெட்டியான ஒரு ஸ்பிரிங். அது நசுங்கிக்கொண்டே போய், கடைசியில் டக்கென்று பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். ஒடிந்த இடத்தில் தெரிகிற குழல் வாயில் ஈயக் குண்டை வைத்துவிட்டுக் குழலை நிமிர்த்த வேண்டும். விசையை இழுத்தால் கொக்கி விலகும். ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் வீசும். உருளைக்குள் இருந்த காற்று போக்கிடம் இல்லாமல், முன்பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னத் துளை வழியாகப் பாய்ந்து குண்டின் முதுகில் மோதும். குண்டு பறந்துவிடும். பம்பில் கை செய்கிற வேலையை இதில் ஸ்பிரிங் செய்கிறது. வேறு வித்தை எதுவும் இல்லை.

பிஸ்டன் தலையில் கிண்ணம் மாதிரி வளைந்த ஒரு தோல் வாசர் இருக்கும். காற்று ஓரமாக நழுவாமல் பார்த்துக்கொள்வது அதுதான். எண்ணெய் குடித்து மெத்தென்று இருந்தால் உருளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடும். காய்ந்து போனால் துப்பாக்கிக்கும் ஊதுகுழலுக்கும் வித்தியாசம் கிடையாது. பம்பிலும் இதே வாசர்தான். ஆனால் பம்பைக் கையில் எடுத்து எவனும் மார்பை விரித்து நான் பார்த்ததில்லை.

வைகாசியில் விக்கிரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் திருவிழா. மூன்று நாள் நடக்கும். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கடை போட வருகிறவன் தன் தொழில் சாமானை முதல் நாள் காலையில் அம்மன் முன்னால் வைத்து எடுக்க வேண்டும். அல்வாக்காரர் கரண்டியைக் கொண்டு வருவார். ராட்டினக்காரரால் ராட்டினத்தைக் கொண்டு வர முடியாது. ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் ஒவ்வொரு கடையிலும் முதல் கை வைப்பார். அல்வாவில் ஒரு வாய், ராட்டினத்தில் ஒரு சுற்று, பலூன் கடையில் முதல் சூடு. அந்தச் சூட்டில் பலூன் உடையாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று பேச்சு. கடையைத் தூக்கிவிடுவார்கள்.

தூக்கினால் அந்த இடத்தில் உட்காருவதற்கு ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவன் வந்திருந்தான். அவனிடம் இரண்டு துப்பாக்கி. மூட்டையைப் பிரிக்காமல் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஒரு தரம் இடம் கை மாறினால் அடுத்த வருஷமும் அவனுக்குத்தான். சுற்று வட்டாரத்தில் மற்ற ஊர்க்காரர்களும் இந்த ஊரைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். அண்ணனும் அக்காவும் எனக்குத் தெரிந்து வேறு எந்தத் தொழிலும் செய்ததில்லை.

காலையில் பூசாரி கரண்டிக்கும் போல்ட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டுத் துப்பாக்கியின் கட்டையில் திருநீறு பூசினார். அதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்கு மனம் நிறையவில்லை.

"சாமி, மேலாக்கப் பூசுனா போதுங்களா? அடிக்கிறதெல்லாம் உள்ள இருக்கறதுதானுங்க" என்று குழலை மடக்கி வாயைப் பிளந்து காட்டினார்.

பூசாரி யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாத மனிதர். சந்தனத்தில் திருநீறைக் குழைத்து, கட்டை விரலால் காற்றுத் துளையின் மேல் ஓர் உருண்டையை அழுத்தினார். மிச்சத்தைக் குழலுக்குள் வழித்து விட்டார்.

"அண்ணே, அது காத்துப் போற தொளைண்ணே" என்றேன்.

"வாய மூடுடா. சாமி காரியம்."

பத்து மணிக்குள் அது சிமெண்டு மாதிரி காய்ந்துவிட்டது. அண்ணன் பலகையைப் பார்த்து ஒரு குண்டு சுட்டார். குண்டு குழல் நுனி வரை வந்து, எச்சில் ஒழுகுகிற மாதிரி அவர் காலடியில் விழுந்தது. அடைப்பை ஊதித் தள்ளுவதாகச் சொல்லிக் குண்டு வைக்காமலே மறுபடி மறுபடி மடக்கி மடக்கிச் சுட்டார். ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் உள்ளே நங்கென்று போய் மோதியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறிப் புஸ்ஸென்று வந்தது. உள்ளே தோல் கிழிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அந்த ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் இருந்தார். துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் வந்துவிட்டார். வாங்கி ஆட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"மருந்து நமுத்துப் போச்சு. வெயில்ல காய வையுங்க."

"இதுல மருந்தே கெடயாதுங்க. காத்துதான்" என்றேன்.

"காத்தா? பதினஞ்சு வருசம் துப்பாக்கியோட படுத்து எழுந்தவன் நான். காத்த வெச்சு எவன்டா சுட்டான்?"

பலூன் ஊதிக்கொண்டிருந்த அக்கா வாயை எடுத்தார். "படுத்தீங்க, சரி. ஒரு நாளாவது அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எட்டிப் பாத்தீங்களா?"

அண்ணன் பட்டாளத்துக்காரர் பேச்சைத்தான் கேட்டார். துப்பாக்கி ஒரு மணி நேரம் கோணியின் மேல் வெயிலில் கிடந்தது. கிழிந்த தோலில் மிச்சமிருந்த எண்ணெயும் அதில் காய்ந்திருக்கும். ஜெயங்கொண்டத்துக்காரன் அந்தப் பக்கம் நடந்து வந்து குனிந்து பார்த்தான்.

"என்னண்ணே, துப்பாக்கிக்கு ஒடம்பு சரியில்லையா? வடகம் மாதிரி காயப் போட்டிருக்கீங்க. நான் மூட்டையப் பிரிக்கட்டுமா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் துப்பாக்கியைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னேன்.

"நீ பஞ்சர் ஒட்றவன்டா. தெறந்து கெடுத்துட்டின்னா?"

"தெறந்தா கெடும்னா, இப்ப மட்டும் நல்லாவா இருக்குது?" என்றார் அக்கா. "சாயங்காலம் தலைவர் வந்து நிக்கும்போது உங்க வாயால சுட்டுக் காட்டுவீங்களா? குடுங்க அவங்கிட்ட."

பின்பக்கம் இருக்கிற ஆணியைத் தட்டி எடுத்தால் ஸ்பிரிங் பாயும், எல்லோரும் தள்ளிப் போங்கள் என்றேன். பட்டாளத்துக்காரர் நகரவில்லை. குண்டுக்கே பயப்படாதவராம். ஆணி கழன்றதும் பின்னால் இருந்த இரும்பு அடைப்பு என் பிடியிலிருந்து நழுவிப் பறந்து, அவர் தோள் துண்டை இழுத்துக்கொண்டு போய் அல்வாக்காரரின் சட்டியில் மோதியது. அதன் பிறகு அவர் புளிய மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து யோசனை சொன்னார்.

வாசர் சுட்ட அப்பளம் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. ஊரில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. அங்கே ஆணியில் பழைய பம்பு வாசர்கள் மாலை மாதிரி தொங்கின. காசுக்குப் பதிலாகப் பலூன் கடைக்கு வந்து பத்துக் குண்டு சும்மா சுட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கடைக்காரரிடம் சொல்லி ஒன்றை வாங்கி வந்தேன். கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிளேடால் சுற்றிலும் சீவினேன். எண்ணெய் வேண்டும் என்றதும் அக்கா தன் மூட்டைக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தந்தார்.

"தலைக்கு வெக்கிறதுடா அது. மொத்தத்தையும் கவுத்துடாத."

எண்ணெயைச் சுட வைத்துத் தோலை ஊறப் போட்டேன். அது ஊறுவதற்குள் அக்காவின் ஊக்கால் காற்றுத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்தேன். எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. ஸ்பிரிங்கை மறுபடி அமுக்குவதற்கு என் பலம் மட்டும் போதவில்லை. துப்பாக்கியைத் தரையில் நிறுத்தி, அடைப்பின் மேல் ஒரு கட்டையை வைத்து, அண்ணனை அதன் மேல் வயிற்றைக் கொடுத்துச் சாயச் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே சாய்ந்தார்.

"கட்டுனதுலேருந்து பாக்குறேன், இந்தத் தொப்பைக்கு இன்னிக்குத்தான் ஒரு வேல வந்துருக்கு" என்றார் அக்கா. அண்ணனுக்கே சிரிப்பு வந்து கட்டை நழுவப் பார்த்தது. ஆணியை அடித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் சரி செய்யவில்லை. குழல் ஒடிகிற மூட்டில், காற்று வெளியே கசியாமல் இருக்க ஒரு சின்னத் தோல் வளையம் உண்டு. அது தேய்ந்திருந்தது. பலூன் உடைக்க இது போதும் என்று விட்டுவிட்டேன். பெரிய வேலையை முடித்துவிட்ட திமிர். அடுத்தவர்களை மடையர்கள் என்று திட்டிக்கொண்டே இப்படிச் சிலதை நான் விட்டிருக்கிறேன்.

குண்டு வைத்துச் சுட்டேன். பலகையில் பாதி புதைந்து நின்றது. அந்தத் துப்பாக்கி அவ்வளவு வேகமாகச் சுட்டு அண்ணனே பார்த்ததில்லை. என் முதுகைத் தட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"பாத்தியா. ஆத்தா உள்ள எறங்கிட்டா."

சாயங்காலம் மேளத்தோடு தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூடவே தட்டோடு பூசாரி. பாதி ஊர் பின்னால் நின்றது. தலைவர் சூடு தப்பக் கூடாது என்பதற்காக அக்கா பலகையில் இடைவெளியே இல்லாமல் பலூன்களை நெருக்கிக் கட்டியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் ஏதாவது ஒன்று உடையும். ஜெயங்கொண்டத்துக்காரன் மூட்டையின் முடிச்சில் கை வைத்தபடி நின்றான்.

நான் குண்டு வைத்துத் துப்பாக்கியை நீட்டினேன். நடுவில் அண்ணன் வாங்கிக்கொண்டார். மறுபடியும் குழலை மடக்கினார்.

"சாமி, ஒரே ஒரு சிட்டிகை."

"அண்ணே, வேணாம்ணே" என்று கையைப் பிடித்தேன்.

அவர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "பையனுக்குப் பக்தி பத்தாதுங்க."

பூசாரி உலர்ந்த திருநீறை ஒரு சிட்டிகை எடுத்து அந்த மூட்டில் தூவினார். அண்ணன் குழலை நிமிர்த்தித் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் மார்பை விரித்தார். பக்கத்தில் நின்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னார். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

பலூன் ஒன்று உடைந்தது. அதே நேரம், தேய்ந்த வளையத்தின் வழியாகக் கசிந்த காற்று மூட்டில் இருந்த திருநீறு முழுவதையும் பின்பக்கம் ஊதிவிட்டது. தலைவரின் நெற்றி, புருவம், மூக்கு எல்லாம் வெளுத்துப் போனது. மேளம் நின்றுவிட்டது. ஜெயங்கொண்டத்துக்காரன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். எந்தப் பக்கமாக ஓடினால் அடி குறைவாக விழும் என்று நான் பார்த்தேன்.

தலைவர் முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தார். பூசாரி அவர் கையைப் பிடித்தார்.

"தொடைக்காதீங்க தலைவரே. ஆத்தா அவ கையால பூசி வுட்டுருக்கா."

துண்டு பாதியில் நின்றது. "நெத்தியிலதான பட்டுருக்கு?"

"நெத்தியிலதாங்க."

தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு கண்ணில் நீர் வழிந்தது. திருநீறு விழுந்த எரிச்சல் அது. கூட்டம் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பட்டாளத்துக்காரர்தான் முதலில் போட்டுக்கொண்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஜெயங்கொண்டத்துக்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு முடிச்சை இறுக்கி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

இடம் நிலைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கும். ஆனால் அன்றைக்கே வரிசையில் நின்றவர்களில் பலூனைப் பார்த்தவர்கள் குறைவு. முகத்தைத்தான் நீட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்களைக் கூட்டி வந்தார்கள். பால் கறக்காத மாட்டைக்கூட ஒருவர் ஓட்டி வந்தார். துப்பாக்கி ஒடிகிற இடம் மாட்டின் நெற்றிக்கு எதிரில் வரும்படி பிடித்து அண்ணனே விசையை இழுத்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு சிட்டிகை. மறுநாள் பிற்பகலுக்குள் சிட்டிகை ஒரு கரண்டியாகிவிட்டது. கரண்டி அல்வாக்காரருடையது.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அந்தச் சாம்பல் தோலை அரம் மாதிரி அறுத்துடும். நாளைக்குக் குண்டு போவாது" என்றேன், இரண்டாம் நாள்.

அக்கா கோணியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பலூனை யாரும் குறி பார்க்காததால் புதிதாக ஊத வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. முந்தின ராத்திரியே சோற்றைக் கரைக்காமல் பிசைந்து மென்று தின்றிருந்தார்.

"போவலன்னா போவட்டும் தம்பி. குண்டை யாருடா பாக்குறா?"

"நான் நேத்து நாள் பூரா உக்காந்து சரி பண்ணனே."

"நீ பண்ணதாலதான் வெடிச்சுது, யாரு இல்லன்னா. ஆனா வெறும் பலூன் வெடிச்சதுக்கா அந்த ஆளு மூட்டையத் தூக்கிட்டுப் போனான்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பட்டப் பகலில் அக்கா தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே குண்டு போகவில்லை. மூட்டில் மட்டும் காற்று வந்தது. அண்ணன் குண்டு வைப்பதையே நிறுத்திவிட்டார். பலகையில் இருந்த பலூன்கள் ஒன்றும் உடையாமல் தொங்கி, சுருங்கி, கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிட்டன. யாருக்கும் அது உறைக்கவில்லை. மத்தியானம் தலைவர் வந்து அடுத்த வருஷத்துக்கும் இடம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னைக் காட்டி, "இந்தப் பையன் அதைத் தெறந்தான்னு சொன்னாங்க. இனிமே யாரும் தெறக்க வேணாம்" என்றார். அண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் துடைக்கக்கூட என் கையில் தரவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி அவரே வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சாமான்களைக் கட்டும்போது கேட்டேன்.

"அண்ணே, இந்த ஊர்ல சரி. அடுத்த ஊர்ல இந்தக் கதை யாருக்குத் தெரியும்? அங்க பலூன் வெடிக்கணும். வளையத்த மாத்தி, வாசர் போட்டுக் குடுக்குறேன். ஒரு மணி நேர வேலைதான்."

அண்ணன் மஞ்சள் துணிக்கு மேல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"ஏன்டா, அடுத்த ஊர்ல துண்ணூறு கெடைக்காதா?"

நான் பலகையை அவர் சைக்கிளில் ஏற்றிக் கட்டிக் கொடுத்தேன். அக்காவிடம் சொல்லிக்கொண்டு, அரியலூருக்குக் கல் ஏற்றப் போகிற காலி லாரி ஒன்றில் ஏறிக்கொண்டேன்.